முப்பத்தெட்டுக் கதவுகள்

அத்தியாயம் 14

வேலை போன பிறகும் இரண்டு மாதம், தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தவன் அண்ணன். மாதக் கடைசியில் காட்டிய சம்பளச் சீட்டைக்கூட அவனே கணினியில் தயாரித்திருந்தான். எழுத்து, கட்டம், கையெழுத்து எல்லாம் அச்சு அசல்.

அது அண்ணிக்குத் தெரிந்த அன்று வீட்டில் பாத்திரங்கள்கூடச் சத்தம் போடப் பயந்தன.

"இன்னும் ஒரே ஒரு பொய். அப்புறம் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க" என்று அண்ணி சொன்னாள். சொல்லிவிட்டு, கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்க்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கட்டடப் படம் போடுற சாஃப்ட்வேரை இதுல முறையா வாங்கி, சொந்தமா தொழில் பண்ணுங்க. திருட்டு காப்பி வேண்டாம். நாத்தனார் பேர்ல மாணவர் சலுகைன்னு குறுக்கு வழியும் வேண்டாம்."

நாத்தனார் என்று அவள் சொன்னது அண்ணனின் தங்கை சின்னவளை. பகலில் பார்சல் கிடங்கில் முகவரி ஒட்டும் வேலை, மாலையில் கட்டட வரைபட வகுப்பு. மாலை வகுப்பில் படிப்பவர்களுக்கும் அந்த மென்பொருள் ஓராண்டுக்கு இலவசம். தொழில் செய்பவர்களுக்கு அதே மென்பொருள் யானை விலை, குதிரை விலை.

அண்ணன் முன்பே ஒரு தரம் கேட்டுப் பார்த்தான். "உன்னோடதுலயே போட்டுடட்டுமா பாப்பா?" சின்னவள் அன்று உட்கார்ந்து நிபந்தனைகளின் முப்பத்தொரு பக்கத்தையும் படித்துவிட்டு, "பதினாலாம் பக்கத்துல கூடாதுன்னு போட்டிருக்குண்ணா" என்றாள். உலகத்தில் அந்தப் பதினாலாம் பக்கத்தைப் படித்த ஒரே ஆள் நீதான் என்று அண்ணன் கேலி செய்தான். ஆனால் கேட்டுக்கொண்டான்.

ஆக, ஒரு மாதத்துக்கான முழு உரிமம் தன் பெயரில் வாங்கினான். முதல் வேலையும் கிடைத்தது. ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் பெரிதாக்கிக் கட்ட பதினோரு தாள் வரைபடம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் நகராட்சி அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். தவறினால் வேலை அண்ணனைத் துரத்திவிட்ட பழைய நிறுவனத்துக்கே போய்விடும்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

காலை ஒன்பதே முக்காலுக்கு மூன்று பேரும் பிரின்ட் கடையில் நின்றார்கள். சின்னவள் கிடங்கில் லீவு போட்டிருந்தாள். அண்ணி, தான் வேலை செய்யும் மருந்துக் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுவிட்டு வந்திருந்தாள். கன்னத்தைக் கையால் தாங்கியபடி, ஆனால் கண்ணில் கொஞ்சம் வெளிச்சத்தோடு. புருஷன் போட்ட படம் தாளில் வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

பெரிய இயந்திரம் கரகரவென்று முதல் தாளை வெளியே தள்ளியது. மை வாசனை வந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தான். "அட! கதவெல்லாம் என்னமா வந்திருக்கு. நான் போட்டதா இது?"

சின்னவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றது. அது அவள் வேலை. நேற்று மாலை வகுப்பு இல்லை. அண்ணன் காப்பக உரிமையாளரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவன் கோப்பைத் தன் மடிக்கணினிக்குக் கொண்டுபோய் முப்பத்தெட்டுக் கதவையும் மாற்றியிருந்தாள். அண்ணனின் கதவுகள் அவசரக் கதவுகள். சில சுவருக்குள்ளேயே திறக்கும். வகுப்பில் அவள் வரைந்த கதவோ, பலகை தடித்த கோடு, அது திறக்கும் வீச்சு மெல்லிய கோடு, கீல் எந்தப் பக்கம் என்பது உட்பட அளவெடுத்தாற்போல் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் குழப்பம் என்று பழையதை அடியோடு அழித்துவிட்டுப் புதியதை அவன் கணினியில் வைத்தாள். அவன் ஆச்சரியப்படும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளின் ஓரத்தைப் படித்தார்.

"என்ன சார், ஓரத்துல என்னமோ எழுதியிருக்கு? 'மாணவர் உரிமத்தில் உருவாக்கப்பட்டது. தொழில்முறைப் பயன்பாட்டுக்கு அல்ல.' நாலு பக்கமும் இருக்கே. பார்டர் போட்ட மாதிரி."

இயந்திரம் இரண்டாவது தாளைத் தள்ளியது. அதிலும் நாலு ஓரமும் அதே வரி. மூன்றாவதிலும்.

அண்ணி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "மாணவரா?" என்றாள் மெதுவாக. "நீங்க எந்தக் காலேஜ்ல படிக்கிறீங்க?"

"இல்ல, இது என்னன்னே எனக்கு..."

"எத்தனாவது வருஷம்?"

"சத்தியமா நான் முழுசாத்தான் வாங்கினேன். ரசீது காட்டுறேன், இரு." அவசரமாகப் போனை எடுத்தான். திரை வேறெங்கோ போய்த் திரும்பியது.

"ரசீதா?" அண்ணி சிரித்தாள். அழுதிருந்தாலும் தேவலை என்று இருந்தது சின்னவளுக்கு. "சம்பளச் சீட்டே நீங்க அருமையா செய்வீங்களே. ரசீது செய்றதுக்கு என்ன, அஞ்சு நிமிஷம்."

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கடைவாசலில் நின்று திரும்பி, "என் பல்லைக் கொடுத்தேன் உங்களுக்கு" என்றாள். தெருவில் இறங்கி மருந்துக் கடைப் பக்கம் நடந்துவிட்டாள்.

நான்தான் என்று சொல்லச் சின்னவளுக்கு இரண்டு நொடி போதும். ஆனால் நான்தானா? உறுதியாகத் தெரியாமல் எதையும் சொல்லக் கூடாது என்பது அவள் வழக்கம். சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்த அந்த இரண்டு நொடிக்குள் அண்ணி தெருமுனை திரும்பிவிட்டாள்.

கடைக்காரருக்கு இரக்கமாகிவிட்டது. "ஓரத்தை வெட்டிடலாமா சார்? நம்மகிட்ட கட்டர் இருக்கு."

வெட்டிப் பார்த்தார்கள். எழுத்து போயிற்று. கூடவே சட்டகக் கோடும், அளவுகோல் குறிப்பும் போயிற்று. தாள் ஒரு சாண் குறைந்து, கத்தரித்த நாட்காட்டி மாதிரி நின்றது.

"இதை நகராட்சியில வாங்க மாட்டாங்க" என்றான் அண்ணன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான். கணினியை அணைத்து எழுப்பினான். கோப்புக்கு வேறு பெயர் வைத்தான். ஒவ்வொரு தரமும் அச்சு முன்னோட்டத்தில் நாலு ஓரமும் அந்த வரி பல்லைக் காட்டியது.

பழைய ஆபீஸ் நண்பனுக்குப் போன் போட்டான். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னப்பா, இந்த வயசுல ஸ்கூல்ல சேர்ந்துட்டியா? டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்களா?" என்று சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அண்ணிக்கு ஆறு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

பக்கத்து அறையில் சின்னவள் தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றன்று செய்ததை எழுதி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நேற்றைய பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'மாலை 5.20. அண்ணன் கோப்பு என் மடிக்கணினியில். கதவு 38 மாற்றம். 6.45 சேமித்து அவன் கணினியில் வைத்தேன். பழையது நீக்கம்.'

ஒரு வெற்றுக் கோப்பை எடுத்தாள். தன் மடிக்கணினியில் திறந்து, ஒரே ஒரு கதவை வைத்துச் சேமித்தாள். அச்சு முன்னோட்டம் பார்த்தாள். நாலு ஓரமும் வரி. கதவை அழித்துவிட்டுப் பார்த்தாள். வரி அப்படியே இருந்தது. மாணவர் உரிமத்தில் ஒருமுறை சேமித்தால் போதும், என்ன செய்தாலும் அது கோப்பை விட்டு இறங்காது போலிருக்கிறது.

பதினாலாம் பக்கத்தைப் படித்தவள், முப்பத்தொரு பக்கத்தையும் படித்தவள். தொழில் படத்தைத் தன் உரிமத்தில் திறந்தபோது அது அவளுக்கு உறைக்கவே இல்லை. கதவுதானே, உதவிதானே என்று இருந்துவிட்டாள். அண்ணன் செய்யாத குறுக்கு வழியை அவனுக்குத் தெரியாமல் அவளே செய்து கொடுத்திருக்கிறாள்.

போய்ச் சொல் என்றது மனசு. சொன்னால் மட்டும் படம் சரியாகிவிடுமா என்றும் அதே மனசுதான் கேட்டது. பதினோரு தாளை நாலு மணிக்குள் புதிதாக வரைய முடியாது. ஒரு வழியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சொல்வதுதான் முறை. அல்லது அதுவும் தள்ளிப்போட ஒரு சாக்கா? அவளுக்கே தெரியவில்லை.

துணி காயப்போடும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் இசை கேட்டது. அப்புறம் ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம், சொல்லுங்க மேடம், என்ன உதவி வேணும்?"

"வந்து... என் தோழி ஒருத்தி இருக்கா. அவ மாணவர் உரிமம் வெச்சிருக்கா."

"சரி."

"அவளோட அண்ணன் முழு உரிமம் வெச்சிருக்கார். தோழி தெரியாம அவர் ஃபைலைத் தன்னோடதுல திறந்து சேவ் பண்ணிட்டா. இப்ப பிரின்ட்ல அந்த வரி வருது. அதை எடுக்க முடியுமா?"

"அண்ணன் பேர்ல முழு உரிமம் நடப்புல இருந்தா நாங்க ஃபைலைச் சுத்தம் பண்ணித் தருவோம் மேடம். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்."

சின்னவளுக்கு மூச்சு திரும்பியது. "ரொம்ப நன்றிங்க. இப்பவே அனுப்பறேன். அனுப்பச் சொல்றேன்."

"ஒரு ஃபாரம் இருக்கு. எந்த மாணவர் கணக்குல சேவ் ஆச்சுன்னு அந்த மாணவரே எழுதி ஒப்புக்கணும். எழுதினதும் அந்தக் கணக்கை நிறுத்தி வெப்பாங்க. விசாரணை முடிய முப்பது நாள் வரைக்கும் ஆகலாம்."

கொடியில் தொங்கிய அண்ணியின் வெள்ளைக் கோட்டு காற்றில் அவள் முகத்தில் வந்து மோதியது. விலக்கிக்கொண்டாள்.

"முப்பது நாளா? அவளுக்கு... அந்தத் தோழிக்குத் திங்கக்கிழமை கடைசிப் பரீட்சை. சொந்த மடிக்கணினியில, சொந்த உரிமத்துல வரையணும். அது இல்லேன்னா உட்கார விட மாட்டாங்க."

அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "புரியுது. ஆனா விதி அதுதான், என்னால மாத்த முடியாது. உங்க தோழி யோசிச்சு முடிவு பண்ணட்டும். ஒரு மணிக்குள்ள அனுப்பினா நாலு மணிக்கு முன்னாடி வந்துடும். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

மணி பன்னிரண்டு இருபது.

*

மாலை வகுப்பில் இருபத்தாறு பேர், கணினி பன்னிரண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு வகுப்புக் கணினி விழவில்லை. இந்தப் பரீட்சையை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன வரைபட நிலையம் ஆறு மாதம் நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்காது. இன்னும் ஆறு மாதம் கிடங்கில் மற்றவர்களின் முகவரியை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த அறையில் அண்ணன் யாருக்கோ செய்தி எழுதிக்கொண்டிருந்தான். சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதுவது அவன் பழக்கம். "நான்... பொய்... சொல்லலை..." அழித்தான். "நீ நம்ப மாட்டே... தெரியும்..." அதையும் அழித்தான்.

சின்னவள் படிவத்தைத் திறந்தாள். பெயர். பதிவு எண். கணக்கு. 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்' என்று ஒரு பெரிய கட்டம். நோட்டைப் பார்த்து, நேரத்தோடு, முப்பத்தெட்டு என்ற எண்ணோடு எழுதி, தன் மடிக்கணினியில் இருந்த கோப்பையும் இணைத்தாள். இரண்டு எழுத்துப் பிழை திருத்தினாள். திருத்தி முடித்தும் விரல் அசையவில்லை. எல்லாவற்றையும் இன்னொரு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கப் போனபோது தன்மேலேயே எரிச்சல் வந்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

எழுந்துபோய் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "அண்ணா. அந்தக் கதவெல்லாம் நீ போட்டதில்ல."

அவன் திரும்பினான்.

"நான் போட்டது. என் மடிக்கணினியில. அதனாலதான் அந்த வரி."

எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில ஃபைலைத் திறந்தப்ப ஒரு பெட்டி வந்துச்சு" என்றான் கடைசியில். "ஏதோ எச்சரிக்கைன்னு போட்டிருந்துச்சு. நான் படிக்கவே இல்ல. சரின்னு அழுத்திட்டேன். நீ படிச்சிட்டுத் தப்பு பண்ணினே. நான் படிக்காம பண்ணினேன்."

"ஃபைலைச் சுத்தம் பண்ணி உனக்கு அனுப்புவாங்கண்ணா. மூணு மணி வாக்குல வரும்."

பரீட்சையைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் கவலை வேறாக இருந்தது.

"ஃபைல் வரட்டும், வராம போகட்டும். நீ முதல்ல அவகிட்ட போ பாப்பா. நான் சொன்னா எடுபடாது. நான் பொய் சொல்லலைன்னு நீ போய்ச் சொல்லு." அவன் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு மாசம் பொய் சொன்னப்ப ஒரு நாள்கூடச் சந்தேகப்படாம நம்பினா. இப்ப நிஜம் சொல்றேன்..."

*

மருந்துக் கடையில் மதியக் கூட்டம். வெள்ளைக் கோட்டில் அண்ணி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சீட்டுகளை வாங்கி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கன்னம் காலையில் இருந்ததைவிட உப்பியிருந்தது. சுற்றிலும் அலமாரி நிறைய வலி மாத்திரை, நடுவில் அவள் வலியோடு நின்றாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்."

"வரிசையில வா." முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பெரியவரே, இது ராத்திரிக்கு மட்டும். அது ரெண்டு வேளை. மாத்திப் போட்டுறாதீங்க."

சின்னவள் வரிசையில் நின்றாள். முன்னால் நான்கு பேர். தன் முறை வந்ததும், மருந்துக்கு வந்தவள் போலக் கண்ணாடிப் பலகையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பின்னால் நின்ற அம்மாள், "என்னம்மா, கதவுக்கெல்லாம் இங்க மருந்து தர்றாங்களா?" என்று கேட்டாள்.

அண்ணி கேட்டுக்கொண்டாள். அப்புறம் மெல்ல, "உங்க அண்ணன் சொல்லிக் கொடுத்து அனுப்பினாரா?" என்றாள்.

"அய்யோ, இல்ல அண்ணி!"

"உன்மேல தப்பு சொல்லல. நீ அவருக்குத் தங்கச்சி. நான் உன் இடத்துல இருந்தா நானும் இதேதான் சொல்வேன்."

"நான் எழுதி வெச்சிருக்கேன். பாருங்க." நோட்டை விரித்தாள்.

அண்ணி அதைத் தொடவில்லை. "வரும்போது வழியில எழுதியிருப்பே. இந்த வீட்டுல எழுத்துக்கு என்னடி மரியாதை இருக்கு?" அடுத்தவருக்குக் கையை நீட்டினாள். "சொல்லுங்கம்மா, சீட்டைக் கொடுங்க."

சின்னவள் ஒதுங்கி, எடைபார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். போகவும் தோன்றவில்லை, நிற்கவும் கூசியது. இதைவிட என்ன சொல்லி நம்பவைப்பது? தன்னை யாரும் சந்தேகித்ததில்லை என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. இன்றோடு அதுவும் போயிற்று. ஒருவேளை நானும் அவ்வளவு நேர்மை இல்லையோ, காலையில் அந்த இரண்டு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அண்ணி அதைத்தான் மோப்பம் பிடித்துவிட்டாளோ என்றெல்லாம் ஓடியது.

இரண்டு ஐம்பதுக்குக் கையிலிருந்த போன் அதிர்ந்தது. படித்தாள். இதுதான் வரும் என்று தெரிந்திருந்தும் அங்கிருந்த நாற்காலியில் சரிந்தாள்.

அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். "என்னடி? மயக்கமா? காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டியா?" கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து, போனை வாங்கிப் பார்த்தாள்.

'உங்கள் மாணவர் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம்: தொழில்முறைக் கோப்பைச் சேமித்ததாக உரிமதாரரே அளித்த ஒப்புதல். விசாரணைக் காலம்: முப்பது நாள்.'

அதற்குக் கீழே சின்னவள் படிவத்தில் எழுதிய பத்தி முழுவதும் இருந்தது. நேரம் இருந்தது. முப்பத்தெட்டு இருந்தது.

அண்ணி ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். கை கன்னத்துக்குப் போயிற்று.

"திங்கக்கிழமை இல்ல உனக்குப் பரீட்சை?"

சின்னவள் தலையாட்டினாள்.

"தெரிஞ்சா அனுப்பினே?"

மறுபடி தலையாட்டினாள்.

"பைத்தியமாடி நீ!" அண்ணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் நாத்தனாரின் தலையை இழுத்துத் தன் வெள்ளைக் கோட்டில் புதைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சாகடிக்கிறீங்க. ஒருத்தர் பொய் சொல்லி, ஒருத்தி உண்மை சொல்லி."

அப்புறம் தன் போனை எடுத்தாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்திருக்க வேண்டும். "நான்தான்" என்றாள். கொஞ்ச நேரம் அவன் பேசியதைக் கேட்டாள். "ம். வந்துச்சா ஃபைல்? வரி இல்லையே? நல்லாப் பாருங்க, நாலு ஓரமும் பாருங்க... சரி, அப்ப இன்னும் எதுக்குப் பேசிட்டு நிக்கிறீங்க, ஓடுங்க!"

*

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அண்ணன் பதினோரு தாளையும் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டான். எழுத்தர் ஒவ்வொரு தாளையும் புரட்டி, ஓரங்களைத் தடவிப் பார்த்து, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்தினார்.

அதே நேரத்தில் சின்னவள் மாலை வகுப்புக் கட்டடத்தில் கணினிக் கூடப் பொறுப்பாளரின் மேசைமுன் நின்றிருந்தாள். அவர் கெட்டவர் இல்லை. பேனா மூடியைக் கடித்தபடி முழுதும் கேட்டார். "ஒப்புக்கிட்டது பெரிய விஷயம்தான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பன்னிரண்டு கணினிக்கும் ஆள் இருக்கு. சொந்த மெஷின்ல எழுதுறவங்க உரிம எண்ணை இன்னைக்கு ஆறு மணிக்குள்ள விண்ணப்பத்துல எழுதித் தரணும். பட்டியல் மேலே போயிடும். உங்களுக்கு எண் இல்ல. நான் என்னம்மா பண்ண முடியும்?"

விண்ணப்பத்தைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். மற்ற மாணவர்கள் பையோடு அவளைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். "என்ன, வெளியிலேயே உட்கார்ந்துட்டே? கிளாசுக்கு வெளியே தண்டனையா?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே போனாள்.

ஐந்தேகாலுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள். பரீட்சை விஷயத்தை வழியில் அண்ணி சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் முகத்தில் வேலை முடித்தவன் களிப்பு ஒரு துளிகூட இல்லை. தங்கை முன்னால் படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்ப விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். "இந்தா. என் உரிம எண். பாஸ்வேர்டும் இருக்கு. திங்கக்கிழமை நீ இதுல எழுது. இன்னும் பத்தொம்போது நாள் இருக்கு இதுக்கு. முழு உரிமம், எந்த வரியும் வராது."

சின்னவளுக்கு நெஞ்சு ஒருகணம் துள்ளியது. உடனே அடங்கியது. முழு உரிமத்தின் நிபந்தனைகளையும் அவள் படித்திருந்தாள். யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவர் ஒருவர் மட்டுமே. வீட்டில் வேறு எவரும் கூடாது.

"உன் பேர்ல இருக்குண்ணா. நான் இதுல எழுதினா, நேத்து பண்ணினதையே இன்னைக்குத் திருப்பிப் பண்ற மாதிரி."

"என் சம்மதத்தோடதானே பாப்பா?"

"பரீட்சைக்கு யார் உரிமம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

தெருவில் ஒரு பேருந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

அப்போது அண்ணி குனிந்து அந்தக் காகிதத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கி, சின்னவளின் மடியிலிருந்த விண்ணப்பத்தின்மேல் வைத்தாள். உப்பிய கன்னத்தால் வார்த்தை குழறியது. ஆனாலும் தெளிவாகவே கேட்டது.

"எழுதிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணன் மெல்லத் தலையைத் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. போய்விட்ட பேருந்தின் திசையில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி" என்றாள் சின்னவள். விண்ணப்பத்தை அவள் பக்கம் திருப்பினாள். "இங்க ஒரு கட்டம் இருக்கு. உரிமதாரர் பேர்னு போட்டிருக்கு. இதுல யார் பேரை எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தாள். மணி ஐந்து நாற்பது. பட்டியல் மேலே போக இன்னும் இருபது நிமிடம்.